நொச்சியோ, காஞ்சியோ? மறக்கப்பட்ட போர்ப்படம் ஒன்று

அரணினுள்ளே நிற்போர் சிலர். அதனைச் சூழ்ந்து நிற்போர் பலர். உலக இலக்கியத்திலே இதனினும் பழைய கதைப்பொருள் உண்டோ என்பது ஐயமே. நம்முன்னோர் இந்நிலைக்குப் பூவையே அடையாளமாக வைத்தனர். மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான். மதிலைக் காப்பவன் நொச்சி சூடுவான். தொல்காப்பியர் மதில் காத்தலைத் தனித்திணையாகப் பிரியாது உழிஞையுள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ நொச்சியைத் தனித்திணையாக்கினார். இவ்வேறுபாட்டைப் பண்டித வகுப்பிலே ஆண்டுதோறும் சொல்லிவருகின்றேன். மாணவரும் பிழையின்றி எழுதிப் பரீட்சை முடிந்த மறுநாளே அதனை மறந்துவிடுகின்றனர்.

இப்பழைய இலக்கணத்தைப் புதிதாக எண்ணிப் பார்க்கும்படி என்னைத் தூண்டியது ஓர் அமெரிக்கத் திரைப்படம் என்றால் அன்பர்கள் நகைத்தல் கூடும். அப்படத்தின் பெயர் ‘கோ ரெல் த ஸ்பாட்டன்ஸ்’. ‘ஸ்பாட்டாவினர்க்குச் சென்று சொல்லுக’ என்பது பொருள். 1978இல் வெளிவந்தது. நெறியாள்கை ரெட் போஸ்ற்; திரைக்கதை வெண்டெல் மேயஸ்; தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் பேட் லங்காஸ்ரர். 1967இல் வெளிவந்த டானியல் போட்டின் நாவலொன்றைத் தழுவியது இப்படம். எழுத்தாளர் வியட்நாமைச் செய்தியாளராக நேரிற் கண்டவர். ஆதலின் நூலிலே கண்டறிந்தவன் குரல் கேட்கின்றது. படத்திலும் அது முற்றாக மறைந்துவிடவில்லை.

கதை 1964இல் நிகழ்வது. அவ்வாண்டின் தனித்தன்மையை இளைய வாசகர்க்குச் சற்று விளக்கல் வேண்டும். 1954 மே மாதத்திலே தியன் பியன் பூவிற் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அதன்பின் வியட்நாம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெற்கிலே அமெரிக்கர் காலூன்றினர். ஆனால், அவர்களுக்குப் ‘போர்வீரர்’ என்று பெயரில்லை. ‘ஆலோசகர்’ என்றே பெயர். 1964ஆம் ஆண்டு முடிவில் அத்தகைய ‘ஆலோசகர்’ ஏறக்குறைய 23,000 பேர் அங்கு இருந்தனர்! அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் வெளிப்படையாகப் போருக்கென்று டா நாங் கரையில் இறங்கியது 1965 மார்ச்சிலேதான். ஆகவே, இக்கதை போரின் நடுவிலே நிகழ்வதன்று. போருக்குப் போரென்று பெயரிடப்படுமுன் நிகழ்வது. அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர் என்பதும், வியட்நாமியர் எண்ணிக்கை அதனிற் பன்மடங்கு என்பதும் காண்போர்க்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. படத்தின் சுவை பெரும்பாலும் இவ்விடைவெளியிலிருந்தே பிறக்கின்றது.

மேஜர் பாக்கர் என்னும் நரைத்த படையதிகாரி ஒருவர். இரண்டாம் உலகப்போரையும் கொரியப் போரையும் கண்டவர். ஆயினும், ஆண்டுக்கணக்காக அப்பதவியிலேயே தேங்கிக் கிடக்கின்றார். மூக் வா என்னும் கைவிடப்பட்ட சிற்றூரை ஆராய்ந்து அறிக்கை தருமாறு மேலிடம் பணிக்கின்றது. அவ்வூரால் யாது பயன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆகவே, அங்குச் செல்லாமலே சென்று பார்த்ததாக அறிக்கை எழுதி அனுப்பிவிடுகின்றார். பொய் வெளிப்பட்டுவிடுகின்றது. விளைவு, ஒரு சிறு அணியை அங்கனுப்பி அவ்விடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம். யாருக்கும் வேண்டாத ஓரிடம், எழுத்திலே ஏறிவிட்ட காரணத்தால் அரணாகிவிடுகின்றது. அலுவலகக் கோப்புகளோடு பழகியோர் எவரும் இதனை மிகைக் கற்பனை என்று சொல்லார்.

அனுப்பப்பட்ட அமெரிக்கர் சிலரே. அவரைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீரக் கனவோடு வந்த இளம் லெப்டினன்ட் ஹமில்ரன் காயமுற்ற ஒருவனை மீட்கச் சென்று மாள்கின்றான். கொரியாவிலே பாக்கருடன் நின்ற சார்ஜன்ற் ஒலியனொவ்ஸ்கி போரினால் உள்ளம் தேய்ந்தவன். தன்னைத் தானே சுட்டுக்கொள்கின்றான். போதைக்கு அடிமையான மருத்துவ உதவியாளன் ஒருவன் உளன். அவனுக்கு ஆபிரகாம் லிங்கன் என்று பெயர்! கோர்சி என்னும் கோப்ரல் தானே விரும்பி இப்போருக்கு வந்தவன். ஏன் வந்தான் என்பது பாக்கருக்கு விளங்கவில்லை. வியட்நாமிய மொழிபெயர்ப்பாளன் ஒருவனைக் கவுபோய் என்று அழைக்கின்றனர். அவன் கொடியவன், பிடிபட்டவனின் தலையைக் கொய்கின்றான். இவர்களோடு, பெயர் சொல்லப்படாத உள்ளூர்ப் படையினர் பலர். இந்த ‘பலர்’ என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

மூக் வாவின் ஓரத்திலே ஒரு மயானம். பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கு நின்று மடிந்த பிரெஞ்சுப் படையினர் முந்நூற்றுவர்க்குச் சற்று மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றனர். அதன் வாயிலிலே பிரெஞ்சு மொழியிற் பொறித்த ஒரு வாசகம். அது தேமோப்பிலியில் வீழ்ந்த ஸ்பாட்டா வீரர் கல்லறைக்கென எழுந்த பழைய கிரேக்கப் பாவின் மொழிபெயர்ப்பு. கி.மு. 480இல் பாரசீகப் பெரும்படையை ஒரு குறுகிய கணவாயிலே மறித்து நின்று லியோனிதாஸ் என்னும் மன்னனும் முந்நூற்றுவரும் மாண்ட கதையை நம் பாடசாலைப் பிள்ளைகளும் கேட்டிருப்பர். அப்பாவைச் சிமோனிடிஸ் என்னும் புலவருக்கு உரியதாகச் சொல்வது மரபு. அவ்வழிச் செல்வோனை நோக்கி, ஆணைக்குப் பணிந்து தாம் இங்குக் கிடக்கும் செய்தியைத் தம் நாட்டார்க்கு உரைக்கும்படி இறந்தோர் வேண்டுவதாக அமைந்தது அது. இரண்டே அடி. ஒரு புகழ்மொழியும் அதில் இல்லை. நடுகல் வாசகத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேற்றுமொழியில் யான் கண்டதில்லை.

தொல்காப்பியம் நடுகல்லைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படியாகச் சொல்லும். கல்லைக் கண்டெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியிலும் ஊரார் வேண்டும். அதாவது, இறந்தவனை அறிந்தோர் சிலராவது எஞ்சியிருத்தல் வேண்டும். கிரேக்கப் பாவிலும் அப்படியே; செய்தியைக் கொண்டுசெல்ல ஒரு வழிப்போக்கன், கேட்பதற்கு ஒரு நாடு. மூக் வாவிலுள்ள பிரெஞ்சுக் கல்லறைகளுக்கோ இரண்டும் இல்லை. செய்தியைக் கேட்க வேண்டிய நாடு பத்து ஆண்டுக்கு முன்னரே கப்பலேறிவிட்டது. அவ்வாசகத்தைப் படிக்கும் வழிப்போக்கரோ அதே குழியில் விழ வந்திருப்பவர்கள்.

தேமோப்பிலியைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். படம் அதனைச் சொல்லவில்லை. ஆனால், படத்தின் உட்பொருளுக்கு அது நெருங்கியது. இறுதி நாளிலே லியோனிதாஸோடு நின்றவர் முந்நூற்றுவர் மாத்திரம் அல்லர். தெஸ்பியா என்னும் சிறு நகரத்தார் எழுநூற்றுவர் விலகிச் செல்ல மறுத்து உடன்நின்று மடிந்தனர் என ஹெரோடோற்றஸ் எழுதியிருக்கின்றார். முந்நூற்றுவரை உலகம் பாடியது, எழுநூற்றுவரை மறந்தது. லியோனிதாஸுக்கு 1955இல் அவ்விடத்திலே பெருஞ்சிலை எழுந்தது. தெஸ்பியர்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுவதற்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து ஆண்டு!

இனிப் படத்தின் உச்சத்துக்கு வருவோம். பகைவர் தொகை பெருகுகின்றது. அரண் நிலைக்காது என்பது மேலிடத்துக்குத் தெளிவாகிவிடுகின்றது. ஹெலிகொப்டர் வருகின்றது. ஆனால், அது அமெரிக்கர்க்கு மாத்திரம். அவர்களோடு அகழியிலே கிடந்த உள்ளூர்ப் படையினர்க்கு அதில் இடமில்லை. அவர்கள் தாமே நடந்து தப்ப வேண்டும். கோர்சி ஏற மறுக்கின்றான். அழைத்துச் செல்ல வந்த பாக்கர் அவனோடு வாதாடுகின்றார். பிறகு தாமும் நின்றுவிடுகின்றார்.

இக்காட்சியிலே முழக்கமில்லை, கொடி பறப்பதில்லை. அறுபது வயதைக் கடந்த லங்காஸ்ரரின் முகத்திலே அயர்ச்சிதான் தெரிகின்றது. இதனினும் நல்ல போரொன்றை உனக்குக் காட்ட முடியவில்லையே என்று அவர் அவ்விளைஞனிடம் இரங்கிச் சொல்லும் பொருள்பட ஓரிடம் வருகின்றது. ஒரு தந்தை தன் மகனுக்கு நல்ல நிலமொன்றை விட்டுச்செல்ல முடியவில்லையே என்று சொல்வது போன்ற தொனி. தீய போரை இகழ்வோர் பலர். தீய போரிலே நல்லவனாயிருப்பது எப்படியென்று காட்டுவோர் சிலர். போஸ்றின் படம் அச்சிலவற்றுள் ஒன்று.

அன்றிரவே எல்லாம் முடிந்துவிடுகின்றது. கோர்சி இரக்கத்தால் அரணுக்குள் அழைத்துவந்த ஏதிலிகளே பகைவர்க்கு உளவாகின்றனர். கொடியவனாகிய கவுபோய் அவர்களை ஐயுற்றான். அவன் ஐயமே மெய்யாகின்றது. அறம் தோற்றுக் கொடுமை வெல்கின்றதே என்று இவ்விடத்திலே முகஞ்சுளிப்போர் உளர். நான் அவ்வாறு கொள்ளவில்லை. கவுபோய் மெய்யை அறிந்தும் உயிர் பிழைத்தானில்லை. இரக்கமுடையவனும் இரக்கமற்றவனும் அவ்விரவிலே ஒரே வழியிற் செல்கின்றனர். கோர்சி பிழைப்பது அவன் இரக்கத்தாலும் அன்று, திறத்தாலும் அன்று. உள்ளூர்ப் படையைச் சேர்ந்த முதியவன் ஒருவன் அவனைப் புதரிலே மறைத்துவைக்கின்றான், அதனால்.

விடிகின்றது. கோர்சி எழுந்து பார்க்கின்றான். ஆயுதமும் ஆடையும் களையப்பட்ட பிணங்கள். பாக்கரும் அவற்றுள் ஒருவர். தள்ளாடிப் பிரெஞ்சு மயானத்தை அடைகின்றான். அங்கே ஒற்றைக்கண்ணனாகிய பகைவீரன் ஒருவன், அவனும் குற்றுயிர். துப்பாக்கியை உயர்த்துகின்றான், வலுவின்றித் தாழ்த்திவிடுகின்றான். தான் வீடு போவதாகச் சொல்லிவிட்டுக் கோர்சி நடக்கின்றான். திரையிலே ஓர் ஆண்டெண் மட்டும் தோன்றுகின்றது: 1964.

இனி என் வினாவுக்கு வருகின்றேன். இஃது எத்திணை?

மேலோட்டமாக நோக்குவார்க்கு நொச்சி என்றே தோன்றும். அரண் உண்டு, காப்போர் சிலர், வளைப்போர் பலர். ஆயின், நொச்சி சூடுவோன் தன் மதிலைக் காப்பவன். மூக் வா யாருடைய மதில்? அமெரிக்கருடையது அன்று. சைகோன் ஆட்சியாளரும் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். அவர் அச்சமெல்லாம் தலைநகரிலே அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பு எப்பொழுது என்பதே. வெண்பாமாலை நெறியிலே, தன் நாட்டின்மேல் வந்த வேற்று வேந்தனை எதிர்ப்பவன் சூடுவது காஞ்சிப்பூ. அப்படியாயின், மதிலுக்கு வெளியே இருளிலே நிற்பவன் தானே காஞ்சி சூடினவன் என்பான். மதிலுக்குள் அமெரிக்கனோடு நிற்கும் உள்ளூர் மறவனும் அதே மண்ணிற் பிறந்தவன். அவனும் காஞ்சிக்கு உரிமை கேட்பான். உழிஞையான் யார், நொச்சியான் யார் என்று பிரித்தறிய முடியாத போரிலே பூக்கள் குழம்பிவிடுகின்றன.

தொல்காப்பியர் காஞ்சிக்கோ வேறொரு பொருள் உண்டு. அவர் கருத்திலே அது நிலையாமை. மற்றுமொன்று: அவர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக வைத்தார், பெருந்திணையாவது பொருந்தாக் காமம். பொருந்தாத காமத்துக்கும் நிலையாமைக்கும் என்ன உறவு என்று மாணவர் கேட்பதுண்டு. உரையாசிரியர் சொல்லும் விடையைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இப்படத்தைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. மேஜர் பாக்கரின் பதவி உயர்வைக் கெடுத்தது மேலதிகாரி ஒருவரின் மனைவியோடு ஏற்பட்ட தொடர்பு. அக்கதையை அவரே நகைச்சுவையோடு சொல்கின்றார். பொருந்தாக் காமத்தால் வீழ்ந்தவர் பொருந்தாப் போரிலே மாள்கின்றார்! இது வலிந்து பொருள்கொள்வது என்று புலவர் சிலர் தலையசைப்பர், அசைக்கட்டும். ஒரு நாடு தனக்குரியதல்லாத மண்ணின்மேல் வைத்த விருப்பமும் பெருந்திணையின்பாற்பட்டதே என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனவே, தொல்காப்பியர் வழிநின்று இப்படத்தைக் காஞ்சி என்பேன். நொச்சி வேடம் பூண்ட காஞ்சி.

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. 1968இல் ஜோன் வெயின் நெறியாண்டு நடித்த ‘த கிறீன் பெரேஸ்’. அதிலும் ஓர் அமெரிக்க அரண், அதிலும் இரவுத் தாக்குதல், அதிலும் சிலர் பலரை எதிர்க்கின்றனர். அமெரிக்கப் படைத்துறையின் உதவி நிறையக் கிடைத்தது. அங்கே நொச்சித்திணை ஐயமின்றி ஒலிக்கின்றது. யார் நல்லவர், யார் தீயவர் என்பதில் ஒருவருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் கதிரவனுக்கே. படத்தின் இறுதியிலே கதிரவன் கடலில் மறைகின்றான். வியட்நாமின் கடலோ கிழக்கே உள்ளது!

போஸ்றின் படத்துக்கு அத்தகைய உதவிகள் கிட்டவில்லை. மிகச் சிறிய முதலோடு, கலிபோர்ணியாவிலே வலென்சியா என்னுமிடத்துக் குன்றுகளை வியட்நாமாக்கி, ஏறத்தாழ ஒரு மாதத்திலே எடுத்து முடித்தனர். பணம் போதாமற் போனபோது லங்காஸ்ரர் தம் கைப்பொருளிலிருந்து ஒன்றரை இலட்சம் டொலர் கொடுத்தார் என்பர். பெரும்புகழ் பெற்ற நடிகர் ஒருவர் முதுமையிலே ஒரு சிறு படத்துக்காகத் தம் பணத்தைச் செலவிட்டது நம் கவனத்துக்கு உரியது. ஆயினும், காலம் ஒத்துழைக்கவில்லை. அதே 1978இல் ‘த டியர் ஹன்ரர்’ வந்தது; ‘கமிங் ஹோம்’ வந்தது. மறுவருடம் ‘அப்போக்கலிப்ஸ் நவ்’ பல கோடிச் செலவிலே வந்தது. பரிசுகளும் பேச்சும் அவற்றோடு சென்றன. திறனாய்வாளர் சிலர் போஸ்றின் படத்தை மெச்சினர், மக்கள் திரளவில்லை.

அப்பெரும் படங்களின் கலைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை போரைப் பெருங்கனவாகக் காட்டுகின்றன. ஒளியும் இசையும் நம்மை மயக்குகின்றன. இச்சிறு படமோ போரை அலுவலாகக் காட்டுகின்றது: அறிக்கை, பேரம், அட்டவணை, வானொலிச் செய்தி, வராத உதவி. மூக் வா தாக்கப்படும் வாய்ப்பைக் கணக்கிட்டு வரைபடம் போட்டுக் காட்டும் இளம் அதிகாரி ஒருவன் வருகின்றான். அவன் முகத்திலுள்ள தெளிவைக் கண்டு சிரித்தேன். படம் முடிந்தபின் அச்சிரிப்பு உறுத்தியது.

குறைகளும் பல. ரெட் போஸ்ற் தொலைக்காட்சித் தொடர்களிலே நெடுங்காலம் தொழில் பயின்றவர். அதன் தழும்பு எங்கும் தெரிகின்றது. இரவுக் காட்சிகளிலே யார் எங்கு நிற்கின்றார் என்று அறிவது அரிது. இசை வேண்டாத இடங்களில் ஆரவாரிக்கின்றது. காய்ந்த குன்றுகள் வியட்நாம்போலத் தோன்றவில்லை. படையினரின் வசைமொழிகள் செவிக்கு இன்னா. கீழ்வகுப்பு மாணவர்க்கு இதனைக் காட்ட நான் உடன்படேன். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்தற்கு அரியது மற்றொன்று. கைவிடப்பட்ட உள்ளூர்ப் படையினருக்காகவே கதை உச்சம் அடைகின்றது. ஆயினும், அவர்களுள் எவனையும் நாம் நெருங்கி அறியும்படி படம் செய்யவில்லை. அவன் ஊர் யாது, மனைவி மக்கள் யார், எதன்பொருட்டு நின்றான், ஒன்றும் தெரியாது. தெஸ்பியர்க்கு ஹெரோடோற்றஸ் ஒரு வாக்கியமாவது கொடுத்தார்.

இப்படத்தை எனக்குக் காட்டியவன் என் மருமகன். கொழும்பிலே பல்கலைக்கழக மாணவன். விடுமுறைக்கு வந்தவன் தன் மடிக்கணினியிலே போட்டான். “மாமா, லங்காஸ்ரர் உங்கள் காலத்து நடிகர் அல்லவா?” என்றான். “என் தந்தையார் காலத்தவர்” என்றேன். படம் முடிந்ததும் அவன் கேட்ட வினா வேறு. “மாமா, அந்த முதியவனுக்கு யார் கல் நடுவார்கள்?”

நடுகல் என்பது இந்நாட்டிலே, குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏட்டிலே மட்டும் கற்ற சொல்லன்று. அவ்வினாவுக்குத் தொல்காப்பியத்திலிருந்து விடை எடுத்துக்கொடுக்க நான் முயலவில்லை. நடுகல்லின் ஆறு படியும் அவனுக்குத் தெரியும், நானே கற்பித்தேன். அவை கல்லை நடுவோர் உளர் என்று கொண்டே தொடங்குகின்றன. அதனை அவனிடம் சொன்னேன். அவன் மீண்டும் அந்தக் காட்சிக்குச் சென்று, கிழவன் கோர்சியைப் புதருக்குள் இழுக்கும் இடத்திலே படத்தை நிறுத்தி, முகம் தெரிகின்றதா என்று பார்த்தான். இருளாயிருந்தது.